விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பிலேயே லினக்ஸ்: டிஸ்க்கைப் பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில், அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவ (இதைத்தான் டூயல் பூட் என்கிறார்கள்) நினைப்பவர்களுக்காக எழுதியது இது. எடுத்துக்காட்டுகளில் உபுண்டு என்ற டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸ் வகை, வரும். மின்ட், ஃபெடோரா என்று எதை எடுத்தாலும் பெரும்பகுதி இதேதான். டிஸ்க்கைப் பிரிக்கும் வேலைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. மாட்டிக்கொள்வதெல்லாம் அதற்கு முன்னால் கவனிக்காமல் விட்டவற்றால்தான். அதனால் முக்கால்வாசிக் கேள்விகள் அந்தப் பக்கத்திலிருந்தே வருகின்றன.

எனக்கு டூயல் பூட் உண்மையிலேயே வேண்டுமா?

லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்டின் டபிள்யூஎஸ்எல் இருக்கிறது, கணினிக்குள் ஒரு கற்பனைக் கணினியை (விர்ச்சுவல் மெஷின்) உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. டிஸ்க்கில் கை வைக்காமலே வேலை முடிந்துவிடும். ஆனால் 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் ஓட்டினால் அந்த ராமை இரண்டு ஓஎஸ்ஸும் பங்கு போட்டுக்கொள்ளும், இரண்டுமே திணறும். டூயல் பூட்டில் எந்த ஓஎஸ் ஓடுகிறதோ அதற்கே மொத்த ராமும் கிராஃபிக்ஸ் கார்டும் கிடைக்கும். லினக்ஸையே அன்றாட ஓஎஸ்ஸாக வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு மென்பொருளுக்கு மட்டும் விண்டோஸ் பக்கம் போகிறவர்களுக்கு இதுதான் சரியான வழி.

இன்டெல் சிப் உள்ள பழைய மேக்குகளில் ஆப்பிளின் பூட் கேம்ப் மூலம் விண்டோஸ் போடலாம். எம்1 முதலான சிப் உள்ளவற்றில் பூட் கேம்ப் கிடையாது. மேக்கின் கதை தனி என்பதால் இங்கே அதற்குள் போகவில்லை.

டிஸ்க்கில் ஏற்கெனவே நாலைந்து துண்டு இருக்கிறதே, அவை என்ன? எதைத் தொடக்கூடாது?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, கீழே டிஸ்க் 0 என்ற பட்டையைப் பாருங்கள். 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப் என்றால், மொத்த அளவு 476 ஜிபி சொச்சம் என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்தில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது.

பட்டையின் இடது ஓரத்தில் 100 எம்பி அல்லது 260 எம்பி அளவில் ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் இருக்கும். ஃபேட்32 வடிவில் உள்ள இந்தச் சின்னத் துண்டில்தான் ஒவ்வொரு ஓஎஸ்ஸையும் கிளப்பிவிடும் பூட் கோப்புகள் கிடக்கின்றன. விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் என்று ஒரு ஃபோல்டர். நீங்கள் நிறுவியபின் அதன் பக்கத்திலேயே உபுண்டு என்று இன்னொரு ஃபோல்டர் வந்து உட்காரும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அதற்கடுத்து 16 எம்பி அளவில் மைக்ரோசாஃப்ட் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட ஒரு துண்டு உண்டு. டிஸ்க் மேனேஜ்மென்ட் அதைக் காட்டாது, லினக்ஸ் இன்ஸ்டாலரில்தான் முதன்முதலாகக் கண்ணில் படும். திடுக்கிட்டு அழித்துவிட வேண்டாம். பிறகு பெரிய சி டிரைவ். கடைசியில் சில நூறு எம்பியிலிருந்து ஒரு ஜிபி வரை ரிகவரி பார்ட்டிஷன். லேப்டாப் கம்பெனியின் சொந்த ரிகவரி பார்ட்டிஷனும் கூடவே இருக்கலாம்.

கை வைக்க வேண்டியது சி டிரைவில் மட்டும்தான். மற்றவற்றை அப்படியே விட்டுவிடுங்கள்.

ஜிபிடி, எம்பிஆர் என்கிறார்களே, என்னுடையது எது?

டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் இரண்டு முறைகள் இவை. டிஸ்க் 0 என்று எழுதியிருக்கும் கட்டத்தில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வால்யூம்ஸ் என்ற தாவல். பார்ட்டிஷன் ஸ்டைல் என்ற வரியில் பதில் இருக்கும். விண்டோஸ் 11 போட்டே வந்த லேப்டாப் என்றால் ஜிபிடிதான், இந்தக் கேள்வியை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

எம்பிஆர் பழைய முறை. அதில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் நான்குதான் இருக்க முடியும், 2 டிபிக்கு மேல் உள்ள இடத்தையும் பயன்படுத்த முடியாது. எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடுகிறது, ஆனால் லேப்டாப் யூஇஎஃப்ஐயை, அதாவது லேப்டாப்பைக் கிளப்பும் புதிய முறையை, ஆதரிக்கிறது என்றால், விண்டோஸிலேயே உள்ள எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் தரவை அழிக்காமல் மாற்றிக்கொள்ளலாம். பேக்கப் எடுத்துவிட்டுத்தான். மாற்றி முடித்ததும் பயாஸுக்கு (லேப்டாப் ஆன் ஆகும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) போய், லெகசி பூட் என்ற பழைய முறையிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் விண்டோஸ் எழும்பாது.

பிட்லாக்கர் போட்டிருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இருந்தால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். பிட்லாக்கர் என்பது டிஸ்க்கில் உள்ளதைக் கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவிடும் (என்கிரிப்ஷன்) விண்டோஸ் வசதி. நீங்கள் ஆன் செய்யாவிட்டாலும் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால், ஹோம் பதிப்பிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே தொடங்கிவிடுகிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் போனால் ஆன் ஆகியிருக்கிறதா என்று தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலும் சி டிரைவின் கீழே பிட்லாக்கர் என்கிரிப்டட் என்று எழுதியிருக்கும்.

பூட்டியிருப்பதால் பார்ட்டிஷன் பிரிக்க முடியாமல் போகாது. விண்டோஸுக்குள் இருந்தபடி சி டிரைவைச் சுருக்கினால் என்கிரிப்ஷன் குறுக்கே நிற்பதில்லை. வில்லங்கம் அடுத்த கட்டத்தில் வரும். செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் காவல்) ஆஃப் செய்தாலோ பூட் வரிசையை மாற்றினாலோ, லேப்டாப்பின் பாதுகாப்புச் சிப்பான டிபிஎம் "யாரோ ஏதோ மாற்றிவிட்டார்கள்" என்று சந்தேகப்பட்டு 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்கும். அந்த எண் கையில் இல்லை என்றால் உங்கள் கோப்புகள் போனது போனதுதான். சர்வீஸ் சென்டரில் கொடுத்தாலும் மீட்டுத் தர முடியாது.

ஆகவே முதல் வேலை: இன்னொரு கருவியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, இந்த லேப்டாப்புக்கான கீ அங்கே இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதிவையுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே லேப்டாப்பில் சேமிப்பவர்களும் உண்டு. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். அப்புறம், ப்ரோ பதிப்பு என்றால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பாதுகாப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் சஸ்பெண்ட் தேர்வு இருக்கிறது. ஹோம் பதிப்பின் செட்டிங்ஸில் ஆன், ஆஃப் மட்டுமே. ஆஃப் செய்தால் மொத்த டிரைவையும் திறந்து எழுதிமுடிக்க நேரம் பிடிக்கும். நடுவில் அவசரப்படாதீர்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் செய்யச் சொல்கிறார்கள். அதற்கும் பார்ட்டிஷனுக்கும் என்ன சம்பந்தம்?

இது ஆனில் இருக்கும்போது ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் கெர்னலின், அதாவது மையப் பகுதியின், நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. அதாவது சி டிரைவ் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே விண்டோஸின் கணக்கு. அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அதே டிரைவில் எதையாவது எழுதி, பிறகு விண்டோஸ் பழைய நினைவோடு எழுந்தால், கோப்பு முறைமை கெட்டுப்போகும். அதனால்தான் இப்படிப்பட்ட டிரைவைப் படிக்க மட்டுமே விடுவது, சில சமயம் திறக்கவே மறுப்பது என்று லினக்ஸ் முரண்டு பிடிக்கிறது. குற்றம் லினக்ஸுடையது அல்ல.

இதில் வேடிக்கை, ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸ் உண்மையாகவே முழுதாக மூடுகிறது. ஷட் டவுனில்தான் இந்த அரைத் தூக்கம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்ற இணைப்பு, கீழே டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் இதனால் பெரிய நேர இழப்பு எதுவும் தெரியாது. பெரிய விண்டோஸ் அப்டேட் முடிந்தால் டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கலாம்?

உபுண்டு டெஸ்க்டாப்புக்குக் குறைந்தது 25 ஜிபி என்பது அதிகாரப்பூர்வக் கணக்கு. அந்தக் கணக்கை நம்பி 25 மட்டும் கொடுக்காதீர்கள். நிறுவிய சில மாதங்களில் அப்டேட்டுகள், ஸ்னாப், ஃப்ளாட்பேக் வகை மென்பொருள்கள் என்று வீங்கிவிடும். வேடிக்கை பார்க்க என்றால் 50 ஜிபி, அன்றாட வேலைக்கு என்றால் 100, நிரல் எழுதுபவர், டாக்கர் இமேஜ்களைக் குவிப்பவர் என்றால் 150 கொடுங்கள் என்பேன். விண்டோஸ் பக்கமும் மூச்சு விட இடம் வேண்டும். விண்டோஸ் 11 நிறுவவே 64 ஜிபி கேட்கிறது, பெரிய அப்டேட் வரும்போது இன்னும் சில ஜிபி காலியாக இருக்க வேண்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் இரண்டையும் வைத்துக்கொண்டு கேமும் போடுவேன் என்றால் இடிக்கும்.

கொஞ்சம் தாராளமாகவே கொடுங்கள். பின்னால் கூட்டுவது ஏன் கடினம் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

சி டிரைவைச் சுருக்குவது எப்படி?

விண்டோஸின் பார்ட்டிஷனை விண்டோஸை வைத்தே சுருக்குங்கள். ஜிபார்ட்டெட் போன்ற லினக்ஸ் கருவிகளாலும் முடியும்தான், ஆனால் விண்டோஸ் டிரைவின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் உள்விவரம் அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்டுக்கே நன்றாகத் தெரியும். பிட்லாக்கர் போட்ட டிரைவை ஜிபார்ட்டெட்டால் சுருக்கவும் முடியாது.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நான்கு வரிகள் உள்ள ஒரு பெட்டி வரும். முதல் வரி இப்போதைய மொத்த அளவு. இரண்டாவது, அதிகபட்சம் எவ்வளவு குறைக்க முடியும். மூன்றாவதில்தான் நீங்கள் எண் போட வேண்டும். நான்காவது, குறைத்தபின் மிஞ்சும் அளவு. இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் மூன்றாவது வரி: அங்கே போட வேண்டியது சி டிரைவிலிருந்து வெட்டி எடுக்கும் அளவு, சி டிரைவின் புதிய அளவு அல்ல. அதுவும் எம்பியில். 100 ஜிபி வேண்டும் என்றால் 102400. நான்காவது வரி நீங்கள் நினைத்த எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு ஷ்ரிங்க்கை அழுத்துங்கள்.

முடிந்ததும் கருப்புப் பட்டையோடு அன்அலகேட்டட் என்று ஒரு கட்டம் தோன்றும். அதை ஃபார்மட் செய்யவோ அதற்கு டிரைவ் எழுத்து கொடுக்கவோ வேண்டாம். காலியாகவே கிடக்கட்டும், லினக்ஸ் இன்ஸ்டாலர் பார்த்துக்கொள்ளும்.

சி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் 20 ஜிபிக்கு மேல் சுருக்க விடவில்லை. ஏன்?

காலி இடம் எவ்வளவு என்பதை விட, அது எங்கே இருக்கிறது என்பதே இங்கே கணக்கு. நகர்த்த முடியாத ஒரு கோப்பு டிரைவின் நடுவில் உட்கார்ந்திருந்தால், அதைத் தாண்டி இந்தப் பக்கம் விண்டோஸ் வெட்டாது. வழக்கமாக அப்படி உட்கார்பவை ஹைபர்னேஷன் கோப்பு, ராம் போதாதபோது உதவும் பேஜ் ஃபைல், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோரின் பிரதிகள். மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி முயன்றால் பெரும்பாலும் வழிவிடும். சுருக்கிய பிறகு பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ரீஸ்டோரையும் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

அப்படியும் விடவில்லை என்றால், ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் 259 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் தேடுங்கள். எந்தக் கோப்பு வழியை மறிக்கிறது என்று விண்டோஸே பெயரோடு எழுதிவைத்திருக்கும்.

நிறுவுவதற்காகத் தயார் செய்த பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடுகிறது, ஆனால் இன்ஸ்டாலரில் எஸ்எஸ்டியே தெரியவில்லை.

இன்டெல் லேப்டாப்பா? எஸ்எஸ்டியைக் கையாளும் டிஸ்க் கன்ட்ரோலர், பயாஸில் இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்ற நிலையில் இருக்கும். அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான நிலைக்கு மாற்ற வேண்டும். ஆனால் பயாஸில் நேரடியாக மாற்றிவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும், ஏனென்றால் ஏஎச்சிஐ டிரைவரை ஏற்றிக்கொள்ள அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. முதலில் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக்கைத் திறந்து பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து, பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழும்போது சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் டிக்கை எடுத்துவிட்டு வழக்கம்போல ரீஸ்டார்ட். இங்கேயும் பிட்லாக்கர் கீ கேட்கப்படலாம் என்பதை மறக்க வேண்டாம்.

இன்ஸ்டாலரில் எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் பூட் மேனேஜருக்குப் பக்கத்தில் நிறுவு என்ற தேர்வு வந்தால், பெரும்பாலானவர்களுக்கு அது போதும். எரேஸ் டிஸ்க் என்று தொடங்கும் தேர்வு முழு டிஸ்க்கையும் துடைத்துவிடும். அவசரத்தில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று அழுத்திப் போகிறவர்கள் விண்டோஸைப் பறிகொடுப்பது இந்த ஒரே திரையில்தான்.

கையால் பிரிக்கிறீர்கள் என்றால் பெயர்களைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் என்விஎம்இ0என்1 என்று தோன்றும். அதன் பார்ட்டிஷன்கள் கடைசியில் பி1, பி2, பி3 என்று வரிசையாக வரும். அப்போது எஸ்டிஏ என்று தெரிவது உங்கள் பென் டிரைவாக இருக்கும். பழைய வழிகாட்டிகளில் எஸ்டிஏதான் முதன்மை டிஸ்க் என்று எழுதியிருப்பார்கள், அதை அப்படியே பின்பற்ற வேண்டாம். பெயரைவிட அளவைப் பார்த்து அடையாளம் காண்பது பாதுகாப்பானது.

அன்அலகேட்டட் இடத்தில் லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 வடிவில் ஒரே பார்ட்டிஷன் போட்டு, மவுண்ட் பாயிண்டாக (லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷன் வந்து சேரும் இடம்) ரூட்டை, அதாவது ஒற்றைச் சாய்கோட்டைக் கொடுங்கள். ஏற்கெனவே இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே பூட்டுக்கும் பயன்படுத்தச் சொல்லுங்கள், ஆனால் அதன் பக்கத்தில் ஃபார்மட் என்ற டிக் இருக்கவே கூடாது. அதை ஃபார்மட் செய்தால் விண்டோஸின் பூட் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். உபுண்டு அதில் சில எம்பிகளைத்தான் எடுத்துக்கொள்ளும், 100 எம்பி தாங்கும். பாப் ஓஎஸ் போலக் கெர்னலையே அங்கே வைக்கும் டிஸ்ட்ரோக்களுக்குத்தான் அந்த அளவு போதாது.

ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன்? ஸ்வாப்?

ஹோம் என்பது உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் இடம். டிஸ்ட்ரோவை அடிக்கடி மாற்றிப் பார்க்கும் ஆள் என்றால் ஹோமைத் தனியாக வையுங்கள். மற்றவர்களுக்கு வேண்டாம். 100 ஜிபியை 30, 70 என்று பிரித்துவிட்டு, ரூட் நிரம்பி வழிய ஹோமில் 50 ஜிபி சும்மா கிடப்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

ராம் நிரம்பும்போது டிஸ்க்கில் கைகொடுக்கும் இடமான ஸ்வாப்புக்கும் தனிப் பார்ட்டிஷன் கட்டாயமில்லை. உபுண்டு 17.04 முதல் ஸ்வாப்பை ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஹைபர்னேட் செய்ய வேண்டும் என்பவர்கள் மட்டும் ராமின் அளவுக்கு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன் போட்டால் வேலை எளிது.

இரண்டு ஓஎஸ்ஸிலிருந்தும் ஒரே கோப்புகளைத் திறக்க முடியுமா?

லினக்ஸால் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கவும் எழுதவும் முடியும். 2021-இல் வந்த 5.15 கெர்னல் முதல் அதற்கான புதிய டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. எதிர்த் திசையில் விண்டோஸுக்கு எக்ஸ்ட்4 புரியாது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாத பார்ட்டிஷனாகத் தெரியும். தப்பித் தவறி அதற்கு எழுத்து கொடுத்து, "ஃபார்மட் செய்யவா" என்ற கேள்விக்கு யெஸ் சொல்லிவிடாதீர்கள். டபிள்யூஎஸ்எல் மூலம் எக்ஸ்ட்4 டிஸ்க்கை இணைக்கும் வசதி உண்டு, ஆனால் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க்கை அது ஏற்காது. லேப்டாப்பில் ஒரே எஸ்எஸ்டி என்றால் பயனில்லை.

படங்கள், ஆவணங்கள், பாட்டு இவற்றுக்கென்று என்டிஎஃப்எஸ்ஸில் பொதுவான ஒரு பார்ட்டிஷன் வைக்கலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆஃபில் இருக்க வேண்டியது இதற்கும் நிபந்தனை. நிரல் கோப்புகளை அதில் வைக்காதீர்கள், லினக்ஸின் கோப்பு அனுமதிகள் என்டிஎஃப்எஸ்ஸில் ஒழுங்காகப் பதிவதில்லை.

எதை முதலில் நிறுவ வேண்டும்?

விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. மாற்றிச் செய்தாலும் யூஇஎஃப்ஐ லேப்டாப்பில் பெரிய நாசம் இல்லை. விண்டோஸ் தன்னைப் பூட் வரிசையில் முதலில் வைத்துக்கொள்ளும், பயாஸில் போய்த் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்டு நேற்றுவரை வந்த மெனு இன்று வரவில்லை. லினக்ஸ் அழிந்துவிட்டதா?

அநேகமாக இல்லை. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு பூட் வரிசை மாறியிருக்கும். லேப்டாப்பை ஆன் செய்யும்போது எஃப்2, எஃப்10, எஃப்12, எஸ்கேப் இவற்றில் உங்கள் கம்பெனிக்கு உரியதை அழுத்தி, உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள்.

மெனு வருகிறது, ஆனால் அதில் விண்டோஸ் இல்லை என்றால் அது வேறு. அந்த மெனுவைக் காட்டும் பூட்லோடரான கிரப்பின் 2.06 பதிப்பு முதல், மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அதை அனுமதித்துவிட்டு, கிரப்பை மறுபடி புதுப்பித்தால் விண்டோஸ் வந்துவிடும்.

2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டூயல் பூட் வைத்திருந்த பலருக்கு லினக்ஸ் எழும்பவே மறுத்தது, திரையில் பாதுகாப்புக் கொள்கை மீறல் என்ற பிழைச் செய்தி. பழைய பூட்லோடர்களைத் தடுக்க வந்த எஸ்பேட் என்ற பட்டியல், டூயல் பூட் லேப்டாப்புகளை விட்டுவிட வேண்டியதற்குப் பதிலாக அவற்றிலும் ஏறிவிட்டது. செக்யூர் பூட்டை ஆஃப் செய்து லினக்ஸுக்குள் போய், அந்தக் கொள்கையை நீக்கி, பூட்லோடரைப் புதுப்பித்து, திரும்ப ஆன் செய்வதே அப்போது கைகொடுத்த வழி. இரண்டு ஓஎஸ்ஸையும் அப்டேட்டாக வைத்திருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்; மாதக்கணக்கில் திறக்காமல் போட்ட லினக்ஸ்தான் முதலில் அடிபடும்.

ஓஎஸ் மாறும்போதெல்லாம் கடிகாரம் தப்பாகிறதே?

மதர்போர்டின் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் யூடிசியை, அதாவது உலகப் பொது நேரத்தை, எழுதுகிறது. உங்கள் நேர மண்டலத்துக்கும் யூடிசிக்கும் எத்தனை மணி வித்தியாசமோ அத்தனை மணி தப்பும். லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி தேர்வுக்கு 1 என்று கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆறு மாதம் கழித்து லினக்ஸுக்கு இடம் போதவில்லை. கூட்ட முடியுமா?

முடியும், ஆனால் நினைப்பது போல இல்லை. சி டிரைவிலிருந்து இன்னும் 50 ஜிபி வெட்டினால், அந்தக் காலி இடம் லினக்ஸ் பார்ட்டிஷனின் இடது பக்கத்தில் விழும். ஒரு பார்ட்டிஷனின் வலது ஓரத்தை நீட்டுவது சில நொடி வேலை. இடது ஓரத்தை நகர்த்த வேண்டும் என்றால், உள்ளே இருக்கும் தரவு முழுவதையும் புதிய தொடக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்து இதைச் செய்யவும் முடியாது. பென் டிரைவில் பூட் செய்து, ஜிபார்ட்டெட்டில் நகர்த்த வேண்டும். 100 ஜிபி என்றால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் பார்ட்டிஷனே கந்தல். சார்ஜரைச் செருகி, பேட்டரியும் முழுதாக இருக்கும்போது, பேக்கப் எடுத்துவிட்டு மட்டும் இதில் இறங்குங்கள்.

பிரிப்பதால் எஸ்எஸ்டியின் ஆயுள் குறையுமா?

குறையாது. தரவை எழுத எழுத வரும் தேய்மானத்தை எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் மொத்தச் சிப்புகளிலும் பரப்பிவிடுகிறது, பார்ட்டிஷன் எல்லை அதற்குத் தெரியவே தெரியாது.

லேப்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் இருக்கிறது. அதில் போட்டால்?

போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சி டிரைவைச் சுருக்கும் தலைவலியே இல்லை. லினக்ஸுக்கான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் அந்த எஸ்எஸ்டியிலேயே வைத்துவிட்டால், ஒன்று பழுதானாலும் மற்றது தன்பாட்டுக்கு எழும்பும். சில இன்ஸ்டாலர்கள் சொல்லாமலே முதல் டிஸ்க்கின் ஈஎஃப்ஐயைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால் கையால் தேர்ந்தெடுங்கள்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். எப்படி எடுப்பது?

முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே வைத்து, விண்டோஸ் நேராக எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸின் பார்ட்டிஷனை, அளவை வைத்து அடையாளம் கண்டு, அழியுங்கள். அது சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியே இருந்தால் எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்துத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகவே இருக்கும்.

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டு ஃபோல்டரும் பூட் பட்டியலில் அதன் பெயரும் மிச்சம் இருக்கும். அவை சில எம்பிதான், விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. பட்டியலில் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்தால் கிரப் என்ற சொல்லோடு ஒரு கருப்புத் திரை வரும். பயப்படாமல் லேப்டாப்பை அணைத்து, மறுபடி ஆன் செய்து விண்டோஸைத் தேர்ந்தெடுங்கள்.